சாப்ளினின் நண்பர் வரைந்த பாப்பி வயல்... பரணிலிருந்து ஏலக்கூடத்துக்கு!

சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' படத்தின் முதல் காட்சி நினைவிருக்கிறதா? ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி ஒரு சிலையைத் திறந்து வைப்பார்கள். துணி விலகினால், சிலையின் மடியில் நம்ம சாப்ளின் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அந்த விழாவில் சிலையைச் செய்த சிற்பியாக ஒருவர் வந்து போவார். சில நொடிகள்தான்.

அவர் தொழில்முறை நடிகர் அல்ல, ஓவியர். பெயர் கிரான்வில் ரெட்மண்ட். இரண்டரை வயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். சாப்ளினும் அவரும் சைகை மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். தன் ஸ்டூடியோ வளாகத்திலேயே ரெட்மண்டுக்குப் படம் வரைய ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்திருந்தார் சாப்ளின்.

ரெட்மண்டுக்கு ஒரு குறை இருந்தது. அமைதியும் தனிமையும் நிறைந்த இருண்ட நிலக்காட்சிகளை வரைவதுதான் அவருக்குப் பிடிக்கும். ஆனால், வாங்க வருபவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். பாப்பி! மலைச்சரிவு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் கிடக்கும் கலிஃபோர்னியா பாப்பி. நடுநடுவே ஊதா நிற லூபின் பூக்கள். 'நான் விரும்பி வரைவதை யாரும் வாங்குவதில்லை, எல்லோருக்கும் பாப்பிதான் வேண்டுமாம்' என்று அலுத்துக்கொண்டார் மனிதர்.

இன்று ரெட்மண்டின் பாப்பி வயல் ஏலத்துக்கு வந்தால், லட்சக்கணக்கான டாலர் வரை போட்டி போகிறது. ஆனால், இடையில் சுமார் 40 ஆண்டுகள் அந்தப் படங்களை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. பரணிலும் பழைய சாமான் கடைகளிலும் தூசி படிந்து கிடந்தன. ஏன் கீழே போயின? எப்படி மேலே வந்தன? அதில் ஓவியக் கதையைவிட நிலத்தின் கதைதான் அதிகம்.

ரயிலேறி வந்த ஓவியர்கள்

முதலில் இம்ப்ரெஷனிஸம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 1874-ல் பாரிஸில் மோனே, ரெனுவா, பிஸ்ஸாரோ போன்றவர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதிலிருந்து பிரபலமான பாணி இது. ஒரு மரத்தை இலை இலையாக வரையாமல், அந்த நேரத்து வெயிலில் அது கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே, சின்னச் சின்னத் தீற்றல்களில் பிடிப்பது. இதற்கு அறைக்குள் உட்கார்ந்தால் ஆகாது. வெளியே போக வேண்டும். 1841-ல் ஜான் ரேண்ட் என்ற அமெரிக்க ஓவியர் கண்டுபிடித்த மடக்கு ட்யூப், பெயின்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு காடுமேடெல்லாம் சுற்றுவதைச் சுலபமாக்கியிருந்தது.

இந்தப் பாணி அமெரிக்காவுக்கு வந்தபோது, ஒவ்வொரு வட்டாரமும் அதைத் தன் மண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. பென்சில்வேனியாவில் பனி படர்ந்த ஆற்றங்கரைகள். இண்டியானாவில் இலையுதிர்காலக் காடுகள். தெற்கு கலிஃபோர்னியாவில் வெயில்!

1876-ல் லாஸ் ஏஞ்சலஸுக்கு ரயில் வந்துவிட்டது. பனியில் விறைத்துக் கிடந்த கிழக்குப் பகுதி ஓவியர்களுக்கு, வருடம் முழுக்க வெளியே நின்று வரையக்கூடிய ஓர் ஊர் கிடைத்தது. ஒருபக்கம் கடல், ஒருபக்கம் மலை, நடுவில் ஆரஞ்சுத் தோப்பு. போதாக்குறைக்கு, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட யூகலிப்டஸ் மரங்கள். ஊட்டியில் நாம் பார்க்கிறோமே, அதே தைல மரம்தான்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கதை. வில்லியம் வென்ட் ஜெர்மனியில் பிறந்து சிகாகோ வழியாக வந்தவர். பெரும்பாலும் தானாகவே வரையக் கற்றவர். அவருடைய மலைகளில் மனிதர்களைப் பார்ப்பது அபூர்வம். இயற்கையே கடவுளின் கைவேலை என்று நம்பியவர் அவர்.

கை ரோஸ் மண்ணின் மைந்தர். 1867-ல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் சான் கேப்ரியலில், பெரிய திராட்சைத் தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதில் வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாக முகத்தில் குண்டு பாய, படுக்கையில் கிடந்த நாட்களில் படம் வரையப் பழகினார். பிறகு பிரான்ஸுக்குப் போய், மோனே வாழ்ந்த ஜிவெர்னி கிராமத்திலேயே 1904 முதல் 1912 வரை குடியிருந்தார். ஊர் திரும்பி, கார்மெல் கடற்கரையை வரைந்தார். 1921-ல் பக்கவாதம் வந்து கை ஓய்ந்தது. 1925-ல் காலமானார். கலிஃபோர்னியாவில் அவர் வரைந்த காலம் சொற்பம் என்பதால், அந்தப் படங்களுக்குக் கிராக்கி அதிகம்.

எட்கர் பெய்ன், சியரா நெவாடா மலைத்தொடருக்குள் முகாம் போட்டு வரைந்தவர். அங்கே ஓர் ஏரிக்கே அவர் பெயர்தான். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கல்யாண நாளன்று காலையில் வெளிச்சம் அருமையாக இருக்கிறது என்று, முகூர்த்தத்தை மதியத்துக்குத் தள்ளிவைக்கச் சொன்னாராம். மணப்பெண் எல்சியும் ஓவியர் என்பதால் பிழைத்தார்!

1909-ல் கலிஃபோர்னியா ஆர்ட் கிளப் தொடங்கியது. 1918-ல் லகுனா பீச் என்ற சின்னக் கடற்கரை ஊரில் ஓவியர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் முதல் தலைவர் பெய்ன். அந்தச் சங்கம் 1929-ல் கட்டிய காட்சிக்கூடம்தான் இன்றைய லகுனா ஆர்ட் மியூசியத்தின் தொடக்கம்.

'தைல மரத்துக்காரர்கள்!'

1929-ல் பங்குச்சந்தை விழுந்தது. தொடர்ந்து வந்த பொருளாதார மந்தத்தில் படம் வாங்க யாரிடமும் காசில்லை. இன்னொரு பக்கம் ரசனையும் மாறிக்கொண்டிருந்தது. பிக்காஸோ வழி வந்த நவீன ஓவியம்தான் பெரிது, மலையையும் மரத்தையும் வரைவதெல்லாம் பழைய காலத்து வேலை என்று ஆனது. இவர்களைக் கிண்டலாக 'யூகலிப்டஸ் பள்ளி' என்று கூப்பிட்டார்கள். 'தைல மரத்துக்காரர்கள்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

1935-ல் ரெட்மண்ட் போனார். 1946-ல் வென்ட். 1947-ல் பெய்ன். வரைந்தவர்களோடு அவர்கள் பெயரும் மெல்ல மறைந்தது. தாத்தா ஆசையாக வாங்கி வரவேற்பறையில் மாட்டிய படம், அப்பா காலத்தில் மாடிப்படி ஓரத்துக்குப் போனது. பேரன் காலத்தில் பரணுக்குப் போனது. நம் வீட்டுத் தஞ்சாவூர் ஓவியங்களுக்கும் மரப்பெட்டிகளுக்கும் நடந்த அதே கதைதான்.

அதே சமயம், வெளியே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1880-ல் லாஸ் ஏஞ்சலஸின் மக்கள்தொகை 11 ஆயிரம்தான். 1930-ல் 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வேகம் இன்னும் கூடியது. ஆரஞ்சுத் தோப்புகள் வீட்டுமனைகளாயின. மலையடிவாரங்களில் எட்டு வழிச் சாலைகள் ஓடின. ஓவியர்கள் கேன்வாஸை விரித்து நின்ற பல இடங்கள் கான்கிரீட்டுக்கு அடியில் போய்விட்டன.

பெயர் தெரிந்தால்தான் விலை

1970-களில் ஒருசிலர் இந்தப் படங்களை மறுபடி தேட ஆரம்பித்தார்கள். அதற்கு உதவியவை புத்தகங்கள். 1930-க்கு முந்தைய தெற்கு கலிஃபோர்னிய ஓவியர்களின் விவரங்களைத் தேடித் திரட்டி, 1975-ல் ஓர் அகராதியாகவே வெளியிட்டார் நான்சி மூர் என்ற ஆய்வாளர். 1982-ல் ரூத் வெஸ்ட்ஃபால், இந்த ஓவியர்களின் படங்களையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் சேர்த்துப் பெரிய வண்ணப் புத்தகம் கொண்டுவந்தார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பரணில் ஒரு படம் கிடைக்கிறது, மூலையில் ஒரு கையெழுத்து. அவர் யார், எப்போது வாழ்ந்தார், எங்கே படித்தார், எதுவும் தெரியாவிட்டால் அது வெறும் கிறுக்கல். தெரிந்துவிட்டால் அதே படத்துக்கு ஒரு வரலாறு வந்துவிடுகிறது. வரலாறு வந்தால் விலையும் வரும். கடைக்காரர்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் அந்தப் புத்தகங்கள் கையேடாகவே மாறின.

நிலத்தின் வாரிசு

இனி வருபவர்தான் இந்தக் கதையின் முக்கியமான ஆள். ஜோன் இர்வைன் ஸ்மித்.

இர்வைன் என்ற பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். ஐ.டி வேலைக்காக கலிஃபோர்னியா போன நம் ஆட்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். பூங்கா, பள்ளி, குடியிருப்பு என எல்லாம் திட்டம் போட்டுக் கட்டிய நகரம். 1971-ல்தான் அதிகாரபூர்வமாக நகரமானது. அதற்கு முன் அது ஒரு பண்ணை. மலையிலிருந்து கடல் வரை நீண்ட, லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட இர்வைன் பண்ணை!

அந்தக் குடும்பத்தின் நான்காம் தலைமுறை வாரிசு ஜோன். பண்ணையின் பங்குதாரர். அங்கே ஒரு பல்கலைக்கழகம் வர வேண்டும் என்று குடும்பத்துக்குள்ளேயே போராடியவர். 1965-ல் அது திறக்கப்பட்டது. பின்னாளில் நிறுவனம் கைமாறியபோது, தன் பங்குக்குச் சொன்ன விலை குறைவு என்று தாயுடன் சேர்ந்து சண்டை போட்டார். பல ஆண்டுகள் நடந்த வழக்கு 1991-ல் முடிந்தது. தாய்க்கும் மகளுக்குமாகக் கிடைத்தது 25 கோடி டாலருக்கும் மேல்.

அந்தக் காலகட்டத்தில் ஜோன் தீவிரமாக வாங்க ஆரம்பித்தவை... இதே பழைய நிலக்காட்சி ஓவியங்கள்! வென்ட், ரோஸ், ரெட்மண்ட், பெய்ன் என்று தேடித்தேடி வாங்கினார். 1992-ல் தாய் அதலி கிளார்க்குடன் சேர்ந்து இர்வைன் மியூசியத்தை நிறுவினார். 1993 ஜனவரியில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மாடியில் அது திறக்கப்பட்டது. சுவரில் பழைய மலையும் கடலும். ஜன்னலுக்கு வெளியே கட்டடங்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நிலம் நகரமானதால் வந்த பணம், அந்த நிலம் நகரமாவதற்கு முன் எப்படி இருந்தது என்று காட்டும் படங்களை வாங்கியிருக்கிறது. விற்ற வயலைப் படமாக வாங்கிய மாதிரி. இதைப் பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் சொல்லலாம். ஆனால், மிச்சமிருக்கும் மலைகளையும் கடற்கரையையும் காப்பாற்ற வேண்டும் என்று மக்களை யோசிக்க வைக்க இந்த ஓவியங்களால் முடியும் என்று ஜோன் நம்பினார். 2016-ல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் கொண்ட அந்தச் சேகரிப்பு இர்வைன் பல்கலைக்கழகத்துக்கே நன்கொடையாகப் போனது. 2019-ல் ஜோன் காலமானார்.

படத்தைத் திருப்பிப் பாருங்கள்!

சரி, இந்தச் சந்தை எப்படி நடக்கிறது? நாம் கலிஃபோர்னியா ஓவியம் வாங்கப் போவதில்லைதான். ஆனால், பழைய பொருள் எதற்கும் பொருந்தும் சில பாடங்கள் இதில் இருக்கின்றன.

முதல் பாடம், அனுபவசாலிகள் படத்தின் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார்கள். ஓவியர் பென்சிலில் எழுதிய தலைப்பு, கண்காட்சியில் ஒட்டிய சீட்டு, கேன்வாஸ் விற்ற கடையின் முத்திரை, பழைய உரிமையாளர் பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். படம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருந்தால் நம்பிக்கை கூடும். நிலப் பத்திரத்துக்கு மூலப்பத்திரம் கேட்பதுபோல!

இரண்டாவது, கையெழுத்தை மட்டும் நம்பக் கூடாது. யாரோ வரைந்த, கையெழுத்தில்லாத பழைய படத்தில் பிரபல ஓவியரின் பெயரைப் பின்னால் எழுதிச் சேர்ப்பது இந்தச் சந்தையின் பழைய மோசடி. இருட்டறையில் புற ஊதா விளக்கை அடித்துப் பார்ப்பார்கள். பழைய வார்னிஷ் பச்சை சாயலில் மங்கலாக ஒளிரும். அதற்கு மேல் பிற்பாடு பூசிய பெயின்ட் கருத்துத் தெரியும். கையெழுத்தே அப்படிக் கருப்பாகத் தெரிந்தால் உஷார்.

மூன்றாவது, வீட்டு வைத்தியம் கூடாது. அழுக்கு போக ஈரத்துணியால் துடைப்பது, உருளைக்கிழங்கைத் தேய்ப்பது எல்லாம் படத்தைக் கெடுக்கும். பெயின்ட் உதிர்ந்தால் போனதுதான். பயிற்சி பெற்றவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் செய்தாலும், அதிகம் திருத்தப்பட்ட படத்துக்கு விலை குறையும். அழுக்கோடு இருக்கும் அசலுக்கே மதிப்பு அதிகம்.

நான்காவது, ஒரே ஓவியரின் எல்லாப் படங்களும் ஒரே விலைக்குப் போகாது. அவர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் வரைந்ததா, பெரிய படமா, எந்த இடம் என்றெல்லாம் பார்ப்பார்கள். ரெட்மண்டின் பழைய குறை இன்னும் தீரவில்லை. அவர் நேசித்த அமைதியான காட்சிகளுக்கும் இன்று ரசிகர்கள் உண்டு. ஆனாலும், பாப்பிக்குத் தனிக் கூட்டம்தான்!

இனி விற்பவர் பக்கம். ஏலக்கூடம் முதலில் ஒரு மதிப்பீடு சொல்லும். இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று விற்பவர் ஓர் அடிமட்ட விலை வைக்கலாம். உதாரணத்துக்கு, 10,000 டாலரில் சுத்தியல் தட்டப்படுகிறது என்று வையுங்கள். வாங்குபவர் 25 சதவீதம் கட்டணம் சேர்த்து 12,500 கொடுக்க வேண்டியிருக்கும். விற்பவரிடம் 10 சதவீதம் கமிஷன் பிடித்தால் அவர் கைக்கு வருவது 9,000. நடுவில் 3,500 டாலர் ஏலக்கூடத்துக்கு. விகிதம் இடத்துக்கு இடம் மாறும். இதைக் கணக்குப் போடாமல் இறங்கியவர்கள்தான் கடைசியில் புலம்புவார்கள்.

ஏலத்தில் விலைபோகாமல் திரும்பிய படத்துக்கு இன்னொரு சிக்கல். அந்த விவரம் இணையத்தில் பதிவாகிவிடும். அடுத்து வாங்க வருபவர் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார். அதனால், பேராசை மதிப்பீட்டைவிட அடக்கமான மதிப்பீடே பல நேரங்களில் நல்ல விலையைக் கொண்டுவரும்.

எல்லாவற்றுக்கும் மேலே, முதலீடு என்று மட்டும் நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். 40 ஆண்டுகள் படுத்துக் கிடந்த சந்தை இது. ரசனை மாறினால் மறுபடியும் படுக்கலாம். சுவரில் மாட்டிப் பார்த்துச் சந்தோஷப்படத் தயார் என்பவர்கள்தான் இதில் நிம்மதியாக இருக்கிறார்கள்.

தீயும் பூவும்

ஜான் கேம்பிள் என்றொரு ஓவியர். அவரும் பாப்பி, லூபின் வயல்களுக்குப் பெயர்போனவர். 1906-ல் சான் ஃபிரான்சிஸ்கோவை உலுக்கிய நிலநடுக்கத்திலும் தீயிலும் அவருடைய ஸ்டூடியோ அழிந்தது. உள்ளே இருந்த படங்களும் போயின. பிறகு சான்டா பார்பராவுக்குப் போய், முதலிலிருந்து தொடங்கினார்.

100 ஆண்டுகள் கழித்தும் அந்த ஆபத்து போகவில்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய அல்டடீனா வட்டாரத்தில் பரவிய ஈட்டன் தீ, 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. ஒரு காலத்தில் பாப்பி வயல்களுக்குப் பேர் பெற்றிருந்த மலையடிவாரம் அது. வயல்கள் வீடுகளாயின. வீடுகளும் சாம்பலாயின. இப்படிப்பட்ட ஊரில், பழைய மலைச்சரிவு எப்படி இருந்தது என்று சொல்ல ஓர் ஓவியம் மிஞ்சினால், அது பணத்தால் மட்டும் அளக்கும் பொருளாக இருக்காது.

பாப்பி முழுக்கப் போய்விடவில்லை. 1903-லேயே அது கலிஃபோர்னியாவின் மாநில மலராகிவிட்டது. லான்காஸ்டர் நகரத்துக்கு அருகே ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் பாப்பிக்கென்றே ஒரு காப்பகம் இருக்கிறது. நல்ல மழை பெய்த வருடங்களில் வசந்தகாலத்தில் மலை முழுக்க ஆரஞ்சு நிறமாகிவிடும். மக்கள் கார் கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். ரெட்மண்ட் காலத்தில் அதை வீட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்கூட அந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.

இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் தாத்தா நிற்கிறார். பின்னால் ஏதோ ஒரு கண்மாய், கரையில் இரண்டு பனைமரம். எந்த ஊர்க் கண்மாய்? எந்த வருடம்? படத்தைத் திருப்பினேன். வெள்ளையாக இருந்தது. அம்மாவுக்கும் தெரியவில்லை. சொல்லக்கூடிய பாட்டி இப்போது இல்லை.

ஆகவே, பரணில் ஓவியம் தேடுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை எடுத்து, வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். இது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு, பின்பக்கம் மென்மையான பென்சிலால் லேசாக எழுதி வையுங்கள். வயல், கண்மாய், தோப்பு தெரிகிற படங்களை முதலில் எழுதுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவை அங்கே இருக்குமா என்பது நிச்சயமில்லை.